கொப்பரையின் காறல்

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் பரணிலிருந்த கொப்பரை டின்னை இறக்கினோம். மூடியைத் திறந்தவுடன் குப்பென்று ஒரு வாடை எழுந்தது. காறல்தான், ஆனால் பழைய நல்லெண்ணெயின் காறல் அன்று. மட்டமான வாசனைத் தைலத்தைச் சற்றுக் கலந்தாற்போன்ற ஒரு காறல். பாதிக் கொப்பரைகளின்மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்திருந்தது.

"துடைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டுச் செக்குக்கு அனுப்பிவிடப்பா. என் அம்மா காலத்திலிருந்து இப்படித்தான்" என்றார் நம் தாயார்.

இந்த வாடையின் வரலாறு மிகவும் சுவையானது. தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அதில் 12 கரி அணுக்கள் உண்டு. 8, 10 கரி அணுக்களே கொண்ட சிறிய அமிலங்களும் ஓரளவு இருக்கின்றன. பூசணம் கொழுப்பைப் பிளந்து இவற்றை விடுவிக்கிறது. ஆனால் இச்சிறு அமிலங்கள் மிகுந்தால் பூசணத்துக்கே விஷம். ஆகவே அது அமிலத்தில் பிராணவாயுவைச் சேர்த்து, ஒரு கரி அணுவைக் கரியமில வாயுவாகக் கழித்துவிடுகிறது. மிஞ்சுவது கீட்டோன் என்னும் வாசனைப் பொருள். 8 அணு அமிலம் 7 அணு ஹெப்டனோன் ஆகிறது. 10 அணு உள்ளது 9 ஆகிறது. லாரிக் அமிலம் 11 ஆகிறது. தேங்காய்க் கொழுப்புக்கே உரிய இந்தக் காறலுக்குப் பூசணமே காரணம் என்பதை 1924-ஆம் ஆண்டிலேயே ஸ்டெர்க்லே என்பவர் ஒரு ஜெர்மானியப் பத்திரிகையில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ் தேசத்து ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியின் மணத்திலும் இதே ஹெப்டனோன்தான் முன் நிற்கிறது. ஆட்டுப்பாலில் செய்து, மலைக் குகையில் வைத்து, அவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் பெனிசிலியம் பூசணத்தை அதனுள் வளர்க்கிறார்கள். அந்தப் பெயரைப் பிறர் வைத்துக்கொள்ளாதபடி 1925-இல் ஒரு சட்டமே செய்தார்கள்! அவர்கள் பணம் கொடுத்து வாங்குகிற வாசனைக்கு நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

தாயாரிடம் இதைச் சொன்னது நம்முடைய பிசகு. "அப்படியானால் நாமும் சாப்பிடலாமே?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கே குகைக்குள் குடியேறுவது அவர்கள் பொறுக்கி எடுத்த பூசணம். நம் டின்னில் குடியேறியது யார் என்று நமக்குத் தெரியாது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பூக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், கொப்பரைக்கும் நிலக்கடலைக்கும் அடிக்கடி வரும் விருந்தாளி. 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மாண்டன. அதைத் துருவிப் பார்த்தபோது அகப்பட்டதுதான் அஃப்ளடாக்ஸின் என்ற விஷம். அது ஈரலைத் தாக்குவது. நாளடைவில் புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது. 1974-இல் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தார்கள்.

காறல் வாடையோ வெயிலில் பறந்துபோகும். விஷத்துக்குத் தனி வாடை கிடையாது. கொப்பரைக்குள் ஊறியதைத் துணி எட்டாது. சமையற் சூட்டுக்கும் அது எளிதில் அழிவதில்லை. துடைத்துக் காயவைப்பதால் எச்சரிக்கைதான் போகிறது.

"மாட்டுக்காவது பிண்ணாக்காகப் போடலாமே?" என்றார் தாயார், விடாமல். ஆட்டினால் விஷத்தின் பெரும்பகுதி தங்குவது பிண்ணாக்கில்தான். மாடு அதைத் தின்றால் சிறிதே உருமாறிப் பாலில் வந்து சேரும் என்றோம். அதன் பிறகே அவர் வாய் மூடினார்; முகம் தெளியவில்லை. எண்ணெய் விற்கிற விலையில் யாருக்குத் தெளியும்?

டின்னோடு கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொப்பரையைக் குழியில் கொட்டி மூடினோம். மண்ணில் வாழும் ட்ரைக்கோடெர்மா என்றொரு பூசணம் உண்டு. பயிர் நோய்களைத் தடுக்க நம் உழவர்கள் எருவோடு கலந்து இடுவது. தேங்காய் ஒரு துளியும் இல்லாமலே தேங்காய் மணம் வீசும் பொருளை அது உண்டாக்குகிறது. இதைத் தாயாரிடம் சொல்லவில்லை.

அடுத்த கொப்பரையை நன்றாக உலர்த்தி, ஈரம் நூற்றுக்கு 6 பங்குக்கு மேற்படாமல் பார்த்து, பரணில் அல்லாமல் அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருக்கிறோம். டின்னின் சாவி தாயாரிடம் இருக்கிறது.