பொறுப்பு ஒப்படைப்பில் விடுபடுவது

மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஓர் ஆசிரியர் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது பீரோ சாவி, இருப்புப் பதிவேடு, ஆய்வகச் சாமான்கள் எல்லாம் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்தோடு கைமாறுகின்றன. அவர் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் மட்டும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அவை அவருடைய பென்டிரைவில் ஊர் மாறிப் போகும். இல்லையென்றால் பள்ளிக் கணினியில் ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’ என்று கிடக்கும். புதிதாக வருபவர் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்துவிடுகிறார்.

நம் இடத்துக்கு வரப்போகிறவர் நம்மைத் தொலைபேசியில் கூப்பிடாமலே தேடி எடுக்க முடிகிறதா? கோப்புகளை அடுக்குவதற்கு இந்த ஒரு சோதனை போதும். கோப்புறைக்குள் கோப்புறை என ஏழடுக்கு கட்டுவதால் அது நடக்காது. கோப்பின் பெயரிலேயே வகுப்பு, பாடம், தேர்வு, தேதி எல்லாம் இருக்க வேண்டும்: ‘08_அறிவியல்_காலாண்டு_2024-09-18’. வெறும் 8 என்று எழுதினால் பல செயலிகளில் 10ஆம் வகுப்பு அதற்கு முன்னால் போய் நிற்கும். தேதியில் ஆண்டு முதலில் வந்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ ஆகியவற்றில் எது அச்சுக்குப் போனது என்பது அடித்தவருக்கே மறந்திருக்கும்.

பெயரைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம். நீளத்தில் மட்டும் கவனம் தேவை. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாகவே எண்ணப்படும்.

எழுத்துரு இதைவிடப் பெரிய தலைவலி. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். இன்றும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த வினாத்தாள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்துரு இருந்தாலும் ஒருங்குறியில் அடித்து உள்ளே தமிழ்ச் சொல் எதையும் தேட முடியாது. பழையதை எல்லாம் ஒரே மூச்சில் மாற்ற யாருக்கும் நேரமில்லை. மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் தாளை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு வந்தால் போதும்.

பென்டிரைவில் இடமிருந்தும் பெரிய காணொளி ஏற மறுத்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறது என்று பொருள்; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்த பிறகு. கோப்புறைகள் மறைந்து குறுக்குவழிகளாகத் தெரிந்தால் அது வைரஸ் வேலை; கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும் என்பதால் உடனே ஃபார்மட் கொடுத்துவிட வேண்டாம். வாட்ஸப்பில் படங்களை ‘டாக்குமெண்ட்’ வழியே அனுப்பினால் தரம் குறையாது. கூகுள் டிரைவில் பகிர்வதை ஒப்படைப்பாகக் கருத முடியாது. கோப்பு பகிர்ந்தவரின் கணக்கில்தான் இருக்கிறது; தனிநபர் கணக்கை 2 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் கூகுள் அதை நீக்கிவிடலாம். வாங்கிக்கொள்பவர் தன் பக்கம் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

நம்மை மிகவும் கவலைப்படுத்துவது ஜெராக்ஸ் கடைக் கணினி. தேர்வுக்கு முந்தின நாள் மாலை, கடைப் பையன் வினாத்தாளைப் பதிவிறக்கி அச்செடுத்துக் கொடுக்கிறான். தாளை வாங்கிக்கொண்டு நாம் வந்துவிடுகிறோம். கோப்பு ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து வந்து நிற்பது நம் மாணவனாகவே இருக்கலாம். வாட்ஸப் வெப்பை மூடாமல் வந்தால் வகுப்புக் குழுவும் அங்கேயே திறந்து கிடக்கும். அதே பென்டிரைவில் உதவித்தொகைக்காகத் திரட்டிய ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அச்சுக்கென்று தனி பென்டிரைவ், அதில் அன்றைய பிடிஎஃப் மட்டும். வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். பள்ளியில் பிரிண்டர் இருந்தும் டோனர் இல்லாமல்தான் பலர் கடைக்குப் போகிறார்கள். பள்ளி மானியத்தில் அதற்கு ஒரு தொகை ஒதுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்பதில் தவறில்லை.