அடிக்குறிப்பில் கிடக்கிறது எங்கள் நிலம்

தங்கள் பட்டதாரிகள் எழுதிய புதிய நூல்களைப் பட்டியல் போட்டுப் பெருமைப்படுவது பல்கலைக்கழகங்களின் வழக்கம். எழுதியவர் யார், வெளியிட்டவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் கையில் அந்த நூல் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் இருக்காது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பட்டதாரி ஒருவர் 1936இல் ஒரு நூல் எழுதினார். ஆற்றவிடாமல் தடுக்கப்பட்ட உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று நாம் அறிந்திருக்கும் அந்த நூல் இரண்டே மாதங்களில் தீர்ந்துபோனது. 1937இல் இரண்டாம் பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதியபோது அது தமிழில் வந்துவிட்டிருந்தது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல, பெரியாரின் 'குடி அரசு'.

இனி செங்கல்பட்டுக்கு வருவோம். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் இங்குள்ள பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை தந்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தை மீட்கத்தான் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். அதே 1994இல்தான், 1795 முதல் 1895 வரையிலான செங்கல்பட்டைப் பற்றி யூஜின் இர்ஷிக் எழுதிய நூலைக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 2014இல் ரூபா விஸ்வநாத்தின் நூல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. இரண்டும் கடும் உழைப்பில் விளைந்தவை. என் சண்டை அவர்களோடு அல்ல, நூல் அச்சானதும் கடமை முடிந்தது என்று நினைக்கும் நம் கல்விப்புலத்தோடு.

பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. விற்றாலும் செல்லாது. ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் சென்ட் கணக்கில் விலை பேசப்படும் மண்ணுக்கு உரிமை கேட்டு ஒரு குடும்பம் தாலுகா அலுவலகம் போனால், முதல் கேள்வியே "ஆவணம் எங்கே?" என்பதுதான். அந்த ஆணையின் எண்ணும் தேதியும், விலை கட்டுபடியாகாத ஏதோ ஓர் ஆங்கில நூலின் அடிக்குறிப்பில் கிடக்கின்றன.

"தமிழில் எழுதினால் மதிப்பில்லை" என்கிறார்கள் சக ஆய்வாளர்கள். உண்மைதான். ஆங்கில ஆய்விதழுக்கு உள்ள மரியாதை தமிழ்ச் சிறுநூலுக்கு இல்லை. அந்த மரியாதையைப் பங்கிடுவது யார் என்றும் கேட்போம். சேரி தகவல் தரலாம், பேட்டி தரலாம், சோறும் போடலாம், வாசகராக மட்டும் ஆகக்கூடாதா? தகவல் கொடுப்பவர் ஒரு சாதி, அறிவை வைத்துக்கொள்பவர் இன்னொரு சாதி என்றால் அதற்குப் பெயர் ஆய்வல்ல, வருணம்.

ஆகவே, முனைவர் பட்ட ஆய்வாளனாக என் கோரிக்கை இதுதான்: சேரியைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஒரு தமிழ்ச் சிறுநூல் கட்டாயமாக வேண்டும். ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல்கள் அந்தந்த ஊர் மக்களிடம் தரப்பட வேண்டும். ஊர் நூலகத்தில் ஒரு படி இருக்க வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் அவர்கள்.

பல்கலைக்கழகம் சட்டம் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 'குடி அரசு' யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை.