செயலி கற்பிக்கும் தருணம்

திறன்பேசியில் புதிய செயலியைத் திறந்தவுடன் நான்கைந்து திரைகள் அடுத்தடுத்துத் தோன்றி அதன் பயன்பாட்டை விளக்குகின்றன. பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதில்லை. மூலையில் உள்ள ‘தவிர்’ என்னும் சொல்லைத் தொட்டுவிட்டு உள்ளே செல்கின்றனர். இதனைப் பயனரின் சோம்பல் என்று கூறுவது எளிது. ஆனால், தேவை எழாத வேளையில் சொல்லப்படும் விளக்கம் எவர் மனத்தில் தங்கும்? மிதிவண்டி பழக வந்த சிறுவனைத் திண்ணையில் அமர்த்திப் பாடம் நடத்துவோர் உண்டோ?

பணப்பரிமாற்றச் செயலிகளில் இக்குறை பெருங்கேடாக முடிகிறது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யுபிஐ முறை இன்று தெருமுனைப் பூக்கடை வரை பரவியுள்ளது. பணம் அனுப்புவதற்குப் பொதுவாக ‘பின்’ எனப்படும் இரகசிய எண்ணை இட வேண்டும். பெறுவதற்கு இட வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியை அறியாதவரிடம்தான், “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்னும் வஞ்சகக் குரல் வெல்கிறது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர், மாதச் செலவுக்குரிய தொகையைத் தம் விரலாலேயே இழக்கிறார். முதல்நாள் விளக்கத்தில் அச்செய்தி இருந்திருக்கலாம். அன்று செயலியை நிறுவித் தந்த பேரன் அதனைத் தவிர்த்திருப்பான்!

எனவே, விளக்கம் வாயிலில் நிற்பதைவிடச் செயல் நிகழும் இடத்தில் நிற்பதே தகும். எண்ணை இடும் கட்டத்திற்கு மேலே, ‘இதனை இட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் சென்றுவிடும்’ எனத் தொகையுடன், பெரிய எழுத்தில், பயனரின் தாய்மொழியில் தோன்ற வேண்டும்; எழுத்தறியாதவருக்குக் குரலாகவும் ஒலிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில், அறியாத மொழியில் வரும் எச்சரிக்கை இருந்தும் இல்லாததே.

நன்கு வடிவமைத்த செயலிக்கு விளக்கமே வேண்டா என்பாரும் உளர். விளையாட்டுச் செயலிக்கு அது பொருந்தும். தோற்றால் மீண்டும் ஆடலாம். அனுப்பிய பணத்தை அவ்வாறு ஒரு தொடுதலில் மீட்க இயலாது. தவிர்த்த விளக்கத்தை வேண்டும்போது மீண்டும் காணும் வழியும், உண்மைப் பணம் செல்லாமல் ஒருமுறை செய்துபார்க்கும் பயிற்சித் திரையும் இத்தகைய செயலிகள் அனைத்திலும் அமைதல் வேண்டும். அதுவரை பேரன்தான் அருகில் அமர்ந்து, தாத்தாவின் கையாலேயே தனக்கு ஒரு ரூபாய் அனுப்பச் செய்து பழக்க வேண்டியிருக்கிறது.