ஒயினில் நொதி எதை அளக்கிறது?

பீரிலுள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை டைரோசினேஸ் மின்வாயால் அளந்து, முடிவைக் கேலிக் அமில நிகரளவில் எழுதும் வழக்கம் நம் துறையில் இன்னும் ஒழியவில்லை. இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. கேலிக் அமிலம் டைரோசினேஸுக்கு மிக மோசமான வினைப்பொருள். அதைத் திட்டக் கரைசலாக வைத்து வரைந்த அளவீட்டுக்கோட்டை நம்ப முடியாது. அடுத்து, பீரின் முக்கியப் பீனாலிக் அமிலங்களில் ஒன்றான ஃபெருலிக் அமிலத்தில், ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பக்கத்திலேயே மெத்தாக்சி தொகுதி இருக்கிறது. அதை டைரோசினேஸ் ஆக்சிஜனேற்றுவதில்லை. ஆகவே அந்த எண் மொத்தப் பீனாலையும் சொல்லவில்லை, எதிர்ப்புத்திறனையும் சொல்லவில்லை. அந்த நொதிக்குப் பிடித்த பீனால்கள் எவ்வளவு இருந்தன என்பதை மட்டும் சொல்கிறது. அதுவும் பயனுள்ள தகவல்தான். அதை அந்தப் பெயரிலேயே எழுத வேண்டும் என்பதே நம் வாதம்.

நொதி உணரிகளை நாடியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஃபோலின்–சியோகால்ட்டு வினைப்பொருள் 1927-இல் புரதங்களிலுள்ள டைரோசினையும் டிரிப்டோஃபனையும் அளக்க வந்தது. சிங்கிள்டனும் ரோசியும் 1965-இல் அதை ஒயின் பீனால்களுக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார்கள். ஒடுக்கும் பொருள் எது இருந்தாலும் அது நீலமாகும்: சல்ஃபைட், அஸ்கார்பிக் அமிலம், ஒடுக்கும் சர்க்கரை எல்லாமே கணக்கில் சேர்ந்துவிடும். கிளார்க்கும் லயன்ஸும் 1962-இல் நொதி மின்வாய்க்கு வழிகாட்டிய பிறகு, தேர்ந்தெடுத்து வினைபுரியும் நொதியைக் கொண்டு இந்தக் குறையைத் தாண்டலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

தத்துவம் எளிது. நொதி கேட்டகால் வகைப் பீனாலைக் குவினோனாக மாற்றுகிறது. மின்வாய், வெள்ளி/வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டில் 0 முதல் −0.2 வோல்ட் வரையிலான அழுத்தத்தில், குவினோனைத் திரும்ப ஒடுக்குகிறது. மீண்டு வந்த பீனால் மறுபடி நொதியிடம் போவதால் குறிப்பலை பெருகுகிறது. இந்த அழுத்தத்தில் அஸ்கார்பிக் அமிலமோ சல்ஃபைட்டோ மின்வாயில் நேரடியாக ஆக்சிஜனேற்றமடைவதில்லை. குறுக்கீடு இல்லை என்று பல கட்டுரைகள் இந்த இடத்திலேயே முடித்துவிடுகின்றன.

உண்மையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மின்வாய் ஒடுக்குவதற்குள் சல்ஃபைட் குவினோனோடு சேர்ந்துவிடுகிறது. அஸ்கார்பிக் அமிலம் அதைக் கரைசலிலேயே ஒடுக்கிவிடுகிறது. மின்னோட்டம் குறைகிறது. ஃபோலின் முறையில் மதிப்பைக் கூட்டிய அதே சல்ஃபைட், நொதி உணரியில் குறைத்துக் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளை ஒயினுக்கு 200 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு வரை அனுமதி உண்டு. பீனால் குறைவான வெள்ளை ஒயினில் இது சிறிய பிழையாக இருக்காது. அசெட்டால்டிஹைடு சேர்த்துச் சல்ஃபைட்டைக் கட்டிய மாதிரியையும் சேர்க்காத மாதிரியையும் அடுத்தடுத்து அளந்தால் போதும், விளைவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடினமான வேலை அல்ல. ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

ஒயினுக்கு எங்கள் பரிந்துரை லாக்கேஸ். யோஷிடா 1883-இல் அரக்கு மரப் பாலில் கண்ட நொதி இது; இன்று ஆய்வகங்களில் பெரும்பாலும் டிராமெட்டிஸ் வெர்சிகலர் பூஞ்சையிலிருந்து கிடைப்பதைப் பயன்படுத்துகிறோம். கேலிக், ஃபெருலிக் அமிலங்களை இது ஆக்சிஜனேற்றும். அமிலச் சூழலில் நன்றாக இயங்கும். பெராக்சிடேஸைப் போல ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கத் தேவையில்லை. சேர்த்த பெராக்சைடைச் சல்ஃபைட் தின்றுவிடும் தொல்லையும் இல்லை. எனினும் சிவப்பு ஒயினின் டானின் எந்த நொதியையும் விட்டுவைப்பதில்லை. புரதத்தோடு பிணைவது அதன் இயல்பு. சில மாதிரிகளுக்கு ஒருமுறை திட்டக் கரைசலை மறுபடி அளந்து, உணர்திறன் எவ்வளவு சரிந்தது என்பதையும் கட்டுரையில் தர வேண்டும்.

ஃபோலின் முறையோடு 0.95-க்கு மேல் ஒட்டுறவுக் கெழு வந்தது என்பதை ஏற்புடைமைக்குச் சான்றாகக் காட்டுவதையும் நிறுத்த வேண்டும். வெள்ளை ஒயினில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம், சிவப்பில் இரண்டாயிரத்தை ஒட்டிய அளவு என்று பீனால் பரவிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால், இரு கூட்டங்களுக்கு நடுவே கோடு எப்படியும் நேராகத்தான் ஓடும். சிவப்பு ஒயின்களை மட்டும் தனியே எடுத்து அந்தக் கெழுவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அங்கே நிற்கும் தொடர்புதான் உணரியின் தகுதி.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் உணரிகள் நேராகத் தனியுறுப்புகளை நீக்கும் திறனையே அளக்க முயல்பவை. அந்த வகையில் கேள்விக்கு நெருக்கமானவை. ஆனால் சூப்பராக்சைடை உண்டாக்க இவற்றில் சாந்தின் ஆக்சிடேஸ் பயன்படுகிறது. குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் அந்த நொதியையே தடுக்கும். குறிப்பலை சரிந்தால், சூப்பராக்சைடு நீக்கப்பட்டதா, உண்டாகவே இல்லையா? யூரிக் அமிலம் உருவாகும் வேகத்தை உடன் அளக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வடித்தெடுத்த மதுவகைகளைப் பற்றி ஒரு வரி: வடித்தலில் பாலிஃபீனால்கள் பின்தங்கிவிடுகின்றன. பிராந்தியிலும் விஸ்கியிலும் காண்பவை ஓக் பீப்பாயிலிருந்து வந்த கேலிக், எல்லாஜிக் அமிலங்களும் டானின்களுமே. நொதியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைத்தால் போதும்.

இந்த உணரிகளுக்கு உண்மையான வேலை ஒயின் ஆலையில் காத்திருக்கிறது. எந்தத் தொட்டி காற்றுப்பட்டுப் பழுப்பாகும், சல்ஃபைட் எப்போது சேர்க்கலாம், பீப்பாயில் பீனால் எப்படி மாறுகிறது என்று சில நிமிடங்களில் சொல்லும் கருவி அங்கே வேண்டும். அதற்குப் பதிலாகப் பல முன்னுரைகள் உடல்நலத்தில் தொடங்குகின்றன. மதுபானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. 1.2 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தில் உடல்நலக் கூற்று கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி. சோதனைக்குழாயில் கிடைத்த எண், குடிப்பவரின் உடலுக்கு நன்மை என்று பேச இடம் தருவதில்லை.

இனி கட்டுரை அனுப்பும் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள்: எந்த நொதி, எந்தத் திட்டப் பொருள், எத்தனை மடங்கு நீர்த்தல், மாதிரியில் எவ்வளவு சல்ஃபைட் என்பதை அட்டவணையிலேயே கொடுங்கள். முடிவை 'லாக்கேஸ் பீனால் குறியீடு' என்பதுபோல நொதியின் பெயரோடு எழுதுங்கள். உடல்நலம் பற்றிய வரிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.