சபையில் மட்டும் வாழ்ந்த மொழி

1472-ஆம் ஆண்டு. அட்ரியாடிக் கடலோரத்தில் இருந்த ரகூசா என்ற சிறு குடியரசின் செனட் சபை ஒரு தீர்மானம் போட்டது: விவாதங்களில் பழைய ரகூசா மொழியில்தான் பேச வேண்டும், ஸ்லாவ் மொழி கூடாது. இன்று குரோஷியாவில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் துப்ரோவ்னிக்தான் அந்த ரகூசா.

ஏழாம் நூற்றாண்டில் எபிடாரம் என்ற நகரம் அழிந்தபோது தப்பி வந்தவர்கள் கடலோரப் பாறையொன்றில் உருவாக்கிய ஊர் இது என்பார்கள். அவர்கள் பேசியது லத்தீனிலிருந்து கிளைத்த மொழி. சுற்றிலும் ஸ்லாவ் மக்கள். வியாபாரம் அவர்களோடு, பெண் கொடுத்ததும் எடுத்ததும் அவர்களிடம். விளைவு, வீட்டுக்குள் ஸ்லாவ் மொழி வந்து உட்கார்ந்தது. பாட்டன் மொழிக்கு சபை மட்டுமே மிச்சம். 1463-ல் பிறந்த ரகூசா கவிஞர் ஏலியோ செர்வா, தன் சிறுவயதில் சில முதியவர்கள் அதைப் பேசக் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். குடியரசு 1808 வரை தாக்குப் பிடித்தது. மொழி அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான கதை மும்பைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராய்கட் மாவட்டத்தின் சௌல், ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டி அமர்ந்த போர்த்துகீசியர் 1740-ல் அதை மராட்டியரிடம் விட்டுப் போனார்கள். கோட்டைக்குள் இப்போது தென்னந்தோப்பும் இடிந்த சுவர்களும்தான். ஆனால் கழிமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள கோர்லாய் கிராமத்தில் சுமார் ஆயிரம் கிறிஸ்தவர்கள் இன்றும் ஒரு போர்த்துகீசியக் கலப்பு மொழி பேசுகிறார்கள். சொற்கள் போர்த்துகீசியம், வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது மராத்தி வழக்கம். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நௌ லிங்'. பொருள், 'நம் மொழி'.

ஆட்சி போய் 280 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மொழி எப்படி நின்றது? எந்தச் சட்டமும் காக்கவில்லை. மதத்தால் தனித்து நின்ற சிறு சமூகம் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தது. அடுப்படியிலும் திண்ணையிலும் அதையே பேசியது. அந்தத் தனிமைக்கு ஒரு விலையும் உண்டு. ரகூசா தன் மொழியை இழந்தாலும், அண்டை வீட்டு மொழியில் குந்துலிச் போன்ற பெருங்கவிஞரைப் பெற்றது.

மாட்டுங்காத் தமிழர்கள் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து யோசிக்கலாம். இங்கே பாட்டி தமிழில் கேட்கிறார். பேரன் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பதில் சொல்கிறான். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-லேயே தொடங்கியது; மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. இவை வேண்டியவைதான். ஆனால் வீட்டில் வேலை இல்லாத மொழியைப் பள்ளிக்கூடம் எத்தனை நாள் தூக்கிச் சுமக்கும்?

குழந்தை நாலு மொழி பேசுவதில் ஆபத்து ஒன்றுமில்லை. கோர்லாய் போலக் கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டாம். சண்டை, கேலி, ரகசியம், கடைக்கணக்கு ஆகியவற்றில் பாதியாவது தமிழில் நடந்தால் போதும். தமிழ்நாடு இருக்கும்வரை தமிழ் அழியாது என்று ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் தமிழ் ஒரே தலைமுறையில் அழியும். ஆண்டு விழா மேடையில் மட்டும் செந்தமிழ் முழங்குவது, ரகூசா செனட் போட்ட தீர்மானம் மாதிரிதான்.