சிறு மொழிகளும் இரவல் மேடைகளும்

கணினி நிரல் எழுதுவோர் இன்று வெறும் தாளில் எழுதுவதுபோல் எழுதுவதில்லை. அவர்கள் பயன்படுத்தும் எடிட்டர், பிழையைக் கோடிட்டுக் காட்டுகிறது. அடுத்து வரக்கூடிய சொல்லை முன்மொழிகிறது. ஜாவா, பைத்தான் போன்ற பெருமொழிகளுக்கு இவ்வசதிகளைச் செய்துதரப் பெரிய நிறுவனங்கள் உள்ளன. சிறு மொழிகளுக்கோ, பெரும்பாலும் ஆர்வலர் சிலர் ஓய்வு நேரத்தில் எழுதும் நீட்சி நிரல்களே கதி. அந்த உழைப்பு எத்தனை நிலையற்ற தரையில் நிற்கிறது என்பதற்கு ஜூலியா மொழியின் அனுபவமே சான்று.

அறிவியல் கணக்கீடுகளுக்காக உருவாக்கப்பட்டு, 2012-இல் பொதுவெளிக்கு வந்தது ஜூலியா. அதற்கான 'ஜூனோ' என்னும் நீட்சி முதலில் லைட் டேபிள் என்ற எடிட்டரின்மீது கட்டப்பட்டது. பின்னர் கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் எடிட்டருக்குக் குடிபெயர்ந்தது. 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. அதனிடம் விஎஸ் கோட் என்ற சொந்த எடிட்டர் ஏற்கெனவே இருந்தது. 2020-இல் ஜூனோ குழுவினர் தம் உழைப்பை விஎஸ் கோடுக்கான நீட்சியின் பக்கம் திருப்பினர். 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. ஒரே மொழிக்கு மூன்று வீடுகள், மூன்றும் பிறருடையவை.

இவ்விழப்பைக் குறைக்கும் வழி 2016-இலேயே பிறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் அறிவித்த 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' என்னும் பொது நெறிமுறையே அது. மொழியைப் பற்றிய அறிவு முழுவதும் தனி நிரலாக, ஒரு சர்வராக இயங்கும். எடிட்டர் அதனிடம் கேட்டுப் பெறும். 20 மொழிகளும் 5 எடிட்டர்களும் இருந்தால் முன்பு 100 நீட்சிகள் தேவைப்பட்டன. இப்போது 20 சர்வர்களும் எடிட்டருக்கு ஒன்றாக 5 இணைப்புகளும் போதும். ஜூலியாவுக்கும் இன்று அத்தகைய சர்வர் உண்டு. விம், ஈமேக்ஸ் பயனர்களும் அதனால் பயனடைகின்றனர்.

இதனால் சிக்கல் தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது என்பேன். நீட்சியை எழுதும் முறை பொதுவானது; அதை விநியோகிக்கும் சந்தை பொதுவானதன்று. விஎஸ் கோடின் நீட்சிச் சந்தையை மைக்ரோசாஃப்ட்டின் தயாரிப்புகளோடு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. 2025 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் சி++ நீட்சி, விஎஸ் கோடிலிருந்து கிளைத்த பிற எடிட்டர்களில் இயங்க மறுத்தது. உரிம விதி முன்பே இருந்தது. நடைமுறைக்கு வந்தபோதுதான் பலருக்கும் அதன் கனம் புரிந்தது.

தன் தயாரிப்பைக் காக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு உண்டு. பொது நெறிமுறையை முன்னெடுத்த பெருமையும் அதற்குண்டு. ஆனால், சிறு மொழிகளின் எதிர்காலத்தை ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்திடம் விட்டுவிடுவது விவேகமன்று. புதிதாக நீட்சி எழுதுவோர், மொழியறிவைச் சர்வரிலும் எடிட்டர் சார்ந்த பகுதியை இயன்றவரை மெலிதாகவும் வைக்க வேண்டும். எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் என்னும் திறந்த களஞ்சியத்திலும் தவறாது வெளியிட வேண்டும். அம்மொழிகளால் பயன்பெறும் பல்கலைக்கழகங்கள், இப்பணியை ஆய்வுக்கு நிகராக மதித்து நிதி ஒதுக்க வேண்டும்.

தமிழிலேயே கட்டளை எழுத வகைசெய்யும் 'எழில்' போன்ற முயற்சிகளுக்கும் இது பொருந்தும். மொழியை உருவாக்குவது ஒருமுறைப் பணி. அதை எழுதுவோரின் கைக்கு எட்டும் தொலைவில் வைத்திருப்பது ஓயாத பணி.