தொடாதே என்று சொல்வதற்கு முன்

 

விஞ்ஞானப் பாடத்தில் தோலின் குறுக்குவெட்டுப் படத்தை நமது பிள்ளைகள் எத்தனையோ தடவை வரைகிறார்கள். மேற்றோல், உட்டோல், இரண்டுக்கும் நடுவே அலை அலையாக ஒரு கோடு. அந்தக் கோடு ஏன் வளைந்து போகிறது என்று நாம் கேட்பதில்லை. பெயர் குறித்தால் புள்ளி, அவ்வளவுதான்.

விரல் நுனியில் மெல்லிய தொடுகையை உணரும் நுண்ணிய உறுப்புகள் அந்த வளைவுகளை ஒட்டியே இருக்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ரோபோ ஆய்வுகூடத்தில் அந்த அமைப்பைப் பார்த்தே 2009இல் 'டக்டிப்' என்ற செயற்கை விரல் நுனியைச் செய்தார்கள். வெளியே இறப்பர் போன்ற தோல், அதன் உட்புறத்தில் வரிசையாகச் சிறு முளைகள், அவற்றைப் பார்க்க ஒரு சின்னக் கமெரா. எதையாவது தொட்டால் தோல் அமுங்கும், முளைகள் அசையும். கமெரா பிடிக்கும் படத்திலிருந்து பொருளின் விளிம்பையும் வடிவத்தையும் கணினி அறிந்துகொள்ளும்.

இது விளையாட்டு வேலை அல்ல. விரல் மரத்துப்போனால் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தவே நாம் தடுமாறுவோம். கண் இருந்தும் தொடுகை இல்லாத ரோபோவின் நிலையும் அதுதான். 2022இல் இந்தச் செயற்கை விரலின் சமிக்ஞைகளை உண்மையான தொடுகை நரம்புகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பெருமளவு ஒத்துப்போயின. ஆனாலும் மிக நுணுக்கமானவற்றை உணர்வதில் மனித விரல்தான் முன்னால் நின்றது.

நம் ஒரு கையின் உட்புறத் தோலில் மட்டும் இத்தகைய தொடுகை உணரிகள் சுமார் 17,000 உள்ளன. அல்லாஹ் அவற்றைக் கொடுத்து அனுப்பிய பிள்ளையிடம் நாம் "தொடாதே, உடைந்துவிடும்" என்கிறோம். ஆய்வுகூட அலுமாரியைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துகிறோம். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் நியாயமானதே. அமிலத்தைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் காந்தத்தையும் வில்லையையும் எதற்குப் பூட்டுகிறோம்?

அலுமாரி திறக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு பேப்பர் கிளிப் போதும். அதன் இரு முனைகளும் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும்படி வளைத்து, கண்ணை மூடிய பிள்ளையின் விரல் நுனியில் ஒரே நேரத்தில் மெதுவாக வையுங்கள். பெரும்பாலும் "இரண்டு" என்று சொல்லும். முன்கையில் வைத்தால் "ஒன்று" என்றுதான் சொல்லும். ஏன் இப்படி என்று பிள்ளையே கேட்கும். அதற்குப் பிறகு படத்தை வரையட்டும்.